கனடாவின் வரியற்ற சேமிப்புக் கணக்கும் குறியீட்டு நிதி முதலீடும்

வரியற்ற சேமிப்புக் கணக்கு என்பது கனடாவில் வசிப்போர் தமது பணத்தை வருமான வரி இன்றி வளர்த்துக்கொள்ள உதவும் கணக்கு வகையாகும். இது டி.எஃப்.எஸ்.ஏ. என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. 2008ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, 2009 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயரில் 'சேமிப்பு' என்று இருந்தாலும், வைப்புத்தொகை மட்டுமன்றிப் பங்குகள், கடன் பத்திரங்கள், பரஸ்பர நிதிகள் ஆகியவற்றையும் இதில் வைத்திருக்கலாம்.

வரம்பும் மீளெடுப்பும்

இக்கணக்கில் ஓராண்டில் செலுத்தக்கூடிய தொகைக்கு அரசு உச்சவரம்பு விதிக்கிறது. 2009இல் அது 5,000 கனடிய டாலர். 2024, 2025 ஆண்டுகளில் 7,000 டாலர். பயன்படுத்தாத வரம்பு அடுத்த ஆண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே வரும். புதிதாகக் குடியேறியவருக்கு, அவர் குடியேறிய ஆண்டிலிருந்தே வரம்பு கணக்கிடப்படும். 2023இல் குடியேறிய 18 வயது நிறைந்த ஒருவருக்கு 2025 வரை கிடைக்கும் மொத்த வரம்பு 20,500 டாலர் (6,500 + 7,000 + 7,000).

செலுத்தும் தொகைக்கு வரிக்கழிவு கிடையாது. ஆனால் அதன் வளர்ச்சிக்கும், வெளியே எடுக்கும் பணத்துக்கும் கனடாவில் வரி இல்லை. எடுத்த தொகைக்குச் சமமான வரம்பு அடுத்த ஆண்டு சனவரி 1 அன்று மீண்டும் கிடைக்கும். வரம்பை மீறிச் செலுத்தினால், மிகுதித் தொகைக்கு மாதம் 1% வரி விதிக்கப்படும்.

குறியீட்டு நிதி

இண்டெக்ஸ் ஃபண்ட் எனப்படும் குறியீட்டு நிதி, ஒரு பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும். நிதி மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதால் கட்டணம் குறைவு. 10,000 டாலர் முதலீட்டில் ஆண்டுக் கட்டணம் 2% என்றால் 200 டாலர் போகும், 0.2% என்றால் 20 டாலர்தான். நீண்டகால முதலீட்டில் இந்த வேறுபாடு ஆண்டுதோறும் பெருகும். வரியும் இல்லை, கட்டணமும் குறைவு என்பதாலேயே பலர் இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றனர்.

எனினும் சந்தை இறங்கினால் முதலீடும் குறையும். கணக்கினுள் ஏற்படும் இழப்பை வேறு வருமானத்துக்கு எதிராகக் கழிக்க முடியாது; இழந்த தொகைக்கு ஈடாகப் புதிய வரம்பும் கிடைக்காது. மேலும், அமெரிக்க நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகையில் அமெரிக்கா பிடித்துக்கொள்ளும் வரி இக்கணக்கிலும் பொருந்தும். அது பொதுவாக 15% ஆகும்.

கனடாவை விட்டு வெளியேறினால்

வேலை, படிப்பு, குடும்பம் போன்ற காரணங்களால் வேறு நாட்டுக்குச் சென்று, வரிச் சட்டப்படி கனடாவில் வசிக்காதவராக ஆனவர் கணக்கை மூட வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள முதலீடு வளரலாம், பணத்தையும் எடுக்கலாம். இவற்றுக்குக் கனடா வரி விதிப்பதில்லை. ஆனால் முழுமையாக வெளிநாட்டில் கழியும் ஆண்டுகளுக்குப் புதிய வரம்பு சேராது. வெளியேறும் ஆண்டின் வரம்பு குறைக்கப்படாது என்றாலும், அதைப் புறப்படும் முன்பே பயன்படுத்த வேண்டும்.

வெளிநாட்டில் வசிக்கும்போது பணம் செலுத்தினால், வரம்பு மீதம் இருந்தாலும் மாதம் 1% வரி உண்டு. 3,000 டாலர் செலுத்தி ஓராண்டு அப்படியே விட்டால் வரி 360 டாலர். வங்கியிலிருந்து மாதந்தோறும் தானாகவே முதலீட்டுக்குச் செல்லும் ஏற்பாட்டை நிறுத்த மறந்தவர்கள் இவ்வரியில் சிக்க நேரிடும்.

பிற நாடுகளின் வரி

'வரியற்ற' என்பது கனடியச் சட்டத்தின் சலுகை. அது பிற நாடுகளைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கு வசித்தாலும் அவர்களின் வருமானத்துக்கு வரி விதிப்பதால், கனடாவில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். இந்தியா திரும்பி, அந்நாட்டு வரிச் சட்டப்படி சாதாரணக் குடியிருப்பாளராக ஆனவரின் உலகளாவிய வருமானம் இந்திய வரிக்கு உட்பட்டது. இக்கணக்கின் வருமானமும் அதில் அடங்கும்.

ஆகவே புறப்படும் முன் தானியங்கிச் செலுத்துகையை நிறுத்துவது, முகவரி மாற்றத்தை நிதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பது, செல்லும் நாட்டின் வரி விதியை அறிந்துகொள்வது ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.