சிகரெட் பெட்டியில் வந்த ஆட்டக்காரர்கள்

1880-களில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகித உறையில்தான் விற்றது. சட்டைப் பையில் வைத்தால் உறை நசுங்கி உள்ளே இருப்பது ஒடிந்துவிடும். அதனால் கம்பெனிகள் உறைக்குள் ஒரு கெட்டி அட்டைத் துண்டைச் செருகின. அந்த அட்டையில் படம் அச்சிட்டால் விற்பனையும் கூடும் என்று விரைவிலேயே கண்டுகொண்டன. நடிகைகள், பறவைகள், கொடிகள் என்று வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. ஒரு வரிசையை முழுதாகச் சேர்க்க வேண்டுமானால் அதே சிகரெட்டைத் திரும்பத் திரும்ப வாங்கியாக வேண்டும். ரிச்மண்ட் நகரின் ஆலன் அண்ட் ஜின்டர் 1887-இல் வெளியிட்ட 50 வீரர்கள் வரிசையில் குத்துச்சண்டைக்காரர்கள், படகோட்டிகளோடு 10 பேஸ்பால் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்து அட்டைகளில் தனி அழகு உடையவை நியூயார்க்கின் குட்வின் கம்பெனி வெளியிட்ட 'ஓல்டு ஜட்ஜ்' அட்டைகள். ஓவியம் கிடையாது, அசல் புகைப்படத்தையே அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஓடும் பந்தைப் பிடிக்கும் வேகம் அன்றைய கேமராவுக்கு இல்லை. ஆகவே ஆட்டக்காரரை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதைப் பிடிக்கப் போவதுபோல் நிற்க வைத்தார்கள். சில அட்டைகளில் அந்தக் கயிறு அப்படியே தெரிகிறது. 500-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் பல நிலைகள். பெரும் நட்சத்திரங்களோடு, வேறு எங்கும் முகம் பதிவாகாத சிற்றூர் ஆட்டக்காரர்களும் இவற்றில்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

1890-இல் ஐந்து பெரிய சிகரெட் கம்பெனிகள் ஜேம்ஸ் டியூக்கின் தலைமையில் 'அமெரிக்கன் டொபாக்கோ' என்ற ஒரே நிறுவனமாயின. போட்டி ஒழிந்தபின் இலவசப் படம் எதற்கு? அட்டைகள் மெல்ல நின்றுபோயின.

அவை மறுபடி பெருகியது 1909-இல். 1911 வரை வெளிவந்த வெள்ளை ஓர வண்ண அட்டைகளில் 524 வகைகள். பின்புறத்தில் பீட்மான்ட், ஸ்வீட் கேபோரல் முதலிய 16 சிகரெட் பெயர்களின் விளம்பரம். புகைப்பது பெரியவர்கள், படத்துக்கு ஏங்குவது சிறுவர்கள். கடையை விட்டு வெளியே வருபவரிடம் படத்தைக் கேட்டு வாங்கப் பையன்கள் காத்து நிற்பார்கள்.

இந்த வரிசையில்தான் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் அட்டை வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது. சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை வாக்னர் விரும்பவில்லை என்பார்கள் ஒரு சாரார். அவரே புகையிலை மெல்லுபவர், பணம் பேசி முடியாததே காரணம் என்பார்கள் மறுசாரார். எதுவானாலும் இன்று எஞ்சியிருப்பவை சில டஜன் அட்டைகளே. 2021-இல் அவற்றில் ஒன்று 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இத்தனை அட்டைகளையும் ஒழுங்குபடுத்திய பெருமை ஜெஃபர்சன் பர்டிக் என்ற தனி மனிதருக்கு உரியது. சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிவந்தவர். எந்தக் கம்பெனி எதை வெளியிட்டது, ஒரு வரிசையில் எத்தனை என்பதற்குப் பெரும்பாலும் பட்டியல் இல்லை. சேகரிப்பவர்கள் கடிதம் எழுதி ஒருவரையொருவர் கேட்டுத்தான் அறிந்தார்கள். 1937-இல் அவர்களுக்காகச் செய்தி மடல் தொடங்கிய பர்டிக், 1939-இல் முதல் பட்டியல் நூலை வெளியிட்டார். 19-ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்', 20-ஆம் நூற்றாண்டுக்கு 'டி', பழைய மிட்டாய் அட்டைக்கு 'ஈ' என்று எழுத்தும் எண்ணும் கொடுத்தார். மற்ற அட்டைகள் சில சென்ட்டுக்கு விற்ற நாளில் வாக்னருக்கு அவர் பட்டியலில் 50 டாலர். இந்த விலை வேறுபாட்டைவிட, ஒரு வரிசையில் எது இன்னும் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடிய நிலையை உருவாக்கியதே அவர் செய்த பெரிய காரியம்.

3,00,000-க்கும் மேற்பட்ட அட்டைகளையும் சிறு அச்சுப் பொருட்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து, மடங்காத விரல்களால் அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார், மார்ச்சில் காலமானார். வாக்னர் அட்டையும் அந்தச் சேகரிப்பிலேயே இருக்கிறது. 1909-ஆம் ஆண்டு வெள்ளை ஓர வரிசையை ஏலக்காரர்களும் சேகரிப்பாளர்களும் இன்றுவரை 'டி206' என்று பர்டிக் கொடுத்த எண்ணால்தான் குறிப்பிடுகிறார்கள். 'ஓல்டு ஜட்ஜ்' அட்டைகளுக்கு 'என்172'.

(தொடரும்)