முதுகெலும்பு அறுவை: நம்மோடு தியேட்டருக்குள் வரும் கிருமி

முதுகெலும்பு அறுவை என்றதும், கால் விளங்காமல் போய்விடுமோ என்றுதான் நோயாளி பயப்படுகிறார். மருத்துவருக்கு இன்னொரு கவலையும் உண்டு: தையலுக்கு அடியில் சீழ் கட்டிவிடக் கூடாது. பிதுங்கிய டிஸ்க்கை மட்டும் அகற்றும் சிறிய அறுவையில் இந்தத் தொற்று அபூர்வம். ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்தி எலும்புகளை இணைக்கும் பெரிய அறுவையில் வாய்ப்பு கூடுகிறது.

காரணம், அந்த உலோகம். அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலம் ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. இந்த உயிரிப்படலத்துக்குள் இருக்கும் கிருமியை வெள்ளையணுக்களால் எளிதில் நெருங்க முடிவதில்லை. வழக்கமான அளவு ஆன்டிபயாடிக்கும் போதுவதில்லை. ஆழமான தொற்று என்றால் மறுபடி திறந்து, கழுவி, அழுகிய தசையை அகற்றி, வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

இதைத் தடுக்க ஓர் எளிய வழி கிடைத்துவிட்டதாக 2011இல் தோன்றியது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பொடியைக் காயத்துக்குள்ளேயே தூவியபின் தொற்று 2.6 சதவீதத்திலிருந்து 0.2 சதவீதமாகக் குறைந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் அவர்கள் ஒப்பிட்டது, பொடி போடத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளின் நோயாளிகளோடு. இடைப்பட்ட காலத்தில் வேறு எது மாறியிருந்தாலும் அந்தப் பலனும் பொடியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் இதை முறையாகச் சோதித்தார்கள். 907 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகப் பொடி தூவினார்கள். 2013இல் வெளியான முடிவு: பொடி போடாதவர்களில் 1.68 சதவீதம் பேருக்கும், போட்டவர்களில் 1.61 சதவீதம் பேருக்கும் தொற்று. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பொடி பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், உலக அளவில் அதில் தவறாமல் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

பொடியோ ஊசியோ, எந்தக் கிருமியை எதிர்த்து என்ற கேள்விக்கு 2024இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து ஒரு முக்கியமான பதில் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் அறுவைக்கு முன்பே மூக்கு, தோல், மலம் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்து வைத்தார்கள். பிறகு தொற்று வந்தவர்களின் காயத்தில் இருந்த கிருமியின் மரபணுவை அந்த மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். 86 சதவீதக் கிருமிகள் அதே நோயாளியின் உடலில் ஏற்கெனவே குடியிருந்தவை! தொற்றுகளில் கிட்டத்தட்ட 60 சதவீதம், முன்கூட்டியே கொடுத்த ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாதவை. அந்த எதிர்ப்புத் திறனும் பெரும்பாலும் மருத்துவமனையில் தொற்றியதல்ல, வீட்டிலிருந்தே வந்தது.

இடத்துக்கு இடம் கிருமியும் மாறுகிறது. மேல் முதுகில் தோல் பாக்டீரியாக்கள் அதிகம். இடுப்புப் பகுதியில் குடல் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்கின்றன. வான்கோமைசின் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளைத் தாக்கும். குடலில் வாழும் ஈகோலை போன்றவற்றை ஒன்றும் செய்யாது.

தியேட்டர் சுத்தம் இனி முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வெளியிலிருந்து கிருமி நுழையும் கதவுகளைக் கவனமாக அடைத்து வைத்திருப்பதால்தான் மிச்சமிருக்கும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போடுவதும், அறுவை நீண்டால் மறு டோஸ் கொடுப்பதும் இன்றும் அடிப்படை விதிகள்.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகைப்பதை நிறுத்திவிட்டு அறுவைக்குப் போவது தொற்றுக்கான வாய்ப்பைக் குறைக்கும். வீடு திரும்பியபின் தையலில் நீர் கசிந்தாலோ, குறைந்த வலி மறுபடி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை இங்கே உதவும். அறுவை முடிந்த இரண்டு, மூன்று நாளில் அது உச்சம் தொட்டு, பிறகு இறங்க வேண்டும். இறங்கியது திரும்ப ஏறினால் எச்சரிக்கை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், பொருத்திய ஸ்க்ரூவை எடுக்காமலே காயத்தைக் கழுவிக் குணப்படுத்தப் பெரும்பாலும் முடியும்.

எல்லோருக்கும் ஒரே ஊசி என்பதை விட்டு, அவரவர் உடலின் கிருமியை முன்பே அறிந்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆய்வுலகின் அடுத்த முயற்சி. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனாலும் கோவையில் பொடிக்கு வைத்த அதே சோதனையில் இதுவும் தேறிய பிறகே நடைமுறைக்கு வர வேண்டும்.