சுமத்ராவில் நிலம் நடுங்கினால் சிங்கப்பூரில் 20ஆவது மாடி ஏன் ஆடுகிறது?

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி சுமத்ராவின் பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. சிங்கப்பூரில் உயரமான கட்டடங்களில் இருந்த பலர் பயந்துபோய்க் கீழே இறங்கி வந்தார்கள். தெருவில் நடந்துகொண்டிருந்தவர்களில் பலருக்கோ ஒன்றுமே தெரியவில்லை!

அது எப்படி? பதில் அலைகளின் வகையில் இருக்கிறது.

நிலம் நடுங்கும்போது ஒரே அலை கிளம்புவதில்லை. முதலில் வருவது P அல்ல, 'பி' அலை என்றே சொல்லிப் பழகுவோம். ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தள்ளிப் பாருங்கள். அது செல்லும் திசையிலேயே நெருங்கி, விரிந்து நகரும். இதுதான் நெட்டலை, பள்ளியில் 'லாங்கிடியூடினல்' என்று படித்தோமே, அதேதான். நாம் கேட்கும் ஒலியும் காற்றில் இப்படித்தான் வருகிறது.

அடுத்தது 'எஸ்' அலை. கயிற்றை உதறினால் அலை முன்னே போகும், கயிறு பக்கவாட்டில் ஆடும். இது குறுக்கலை. திரவத்துக்குள் இதனால் போகவே முடியாது. பூமியின் வெளிக்கருவம் திரவம் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிக்க அதுவும் ஒரு தடயம்.

'பி' அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். 'எஸ்' அலை சுமார் 3.5. சுமத்ராவின் நிலப்பிளவு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், முதலாவது இங்கு வர ஒரு நிமிடம் போல ஆகும். இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட 2 நிமிடம்.

சரி, மாடியை ஆட்டுவது எது?

பெரும்பாலும் கடைசியில் வரும் மேற்பரப்பு அலைகள். அவற்றில் ஒரு வகையான ரேலி அலை, நிலத்தைக் கடலலை போல உருட்டிவிடும். மேலும் கீழும், முன்னும் பின்னும் ஒன்றாக! நெட்டலை, குறுக்கலை என்ற இரண்டு பெட்டிகளில் எதிலும் அது அடங்காது.

வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான அசைவுகள்தான் இவ்வளவு தூரம் வந்து சேரும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் ஆட்டத் தாளம் உண்டு. தோராயமாக, 10 மாடிக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளலாம். வரும் அலையின் தாளமும் அதுவும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் கூடும். கட்டடத்தின் கீழே மென்மையான களிமண் இருந்தால் இன்னும் கூடும்.

இந்த அலைகள் எல்லாவற்றுக்கும் பயணம் செய்ய ஏதாவது ஒரு பொருள் வேண்டும். கைத்தொலைபேசிக்கு வரும் வானொலி அலைக்கு எதுவும் வேண்டாம். அது மின்காந்த அலை, வினாடிக்குச் சுமார் 300,000 கிலோமீட்டர். ஜப்பான் 2007 முதல் பொதுமக்களுக்கு இப்படித்தான் எச்சரிக்கை அனுப்புகிறது: 'பி' அலையைக் கருவி கண்டுபிடித்ததும், 'எஸ்' அலை வருவதற்குள் செய்தி போய்விடும். மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்குத்தான் நேரம் போதாது.

உங்கள் வீட்டில் விளக்கு ஆடினால் உறுதியான மேசைக்கு அடியில் போங்கள். சன்னல் பக்கம் நிற்காதீர்கள். மின்தூக்கி வேண்டவே வேண்டாம்.