உங்களுக்குத் தெரியுமா? சிமென்ட் அரித்த கைக்குக் களிம்பு

அரியலூர், பெரம்பலூர் பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் பிறக்கும் சிமென்ட், தண்ணீர் பட்டதும் கடும் காரமாகிவிடும், அதன் பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். மனிதத் தோலோ 5 அளவில், லேசான அமிலத்தன்மை கொண்டது. கொத்தனார், சித்தாள் கைகளில் விரலிடுக்கு வறண்டு வெடித்து எரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். சிமென்டில் துளியளவு இருக்கும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். அது வந்தால் லேசில் விடாது.

காரம் தோலின் கொழுப்புப் படலத்தை அரிக்க, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகிறது. இதற்குத் தடவும் களிம்பு, 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லி. அது தானாக ஈரம் எதையும் தருவதில்லை. இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கை கழுவி, துணியால் ஒற்றியெடுத்த கையோடு, தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். வாசனை லோஷன் வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும். தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் களிம்பு அளவுக்கு நின்று காக்காது.

சிமென்ட் ஒட்டியிருக்கும்போது களிம்பு பூசுவது கெடுதல். காரம் அடியிலேயே தங்கிவிடும். முதலில் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். துணி சோப்பு கூடாது, அதுவும் காரமே. வேலையின்போது களிம்பு கையுறைக்கு ஈடாகாது. கொப்புளமோ சீழோ கண்டால் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் அரிப்பைச் சட்டென அடக்கினாலும், நாள்பட்ட உபயோகத்தில் தோலை மெலியவைக்கும்.