ஆயில் என்ஜினில் எண்ணெய் மட்டம்: குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு

மின் இணைப்பு கிடைக்காத வயல்களிலும், வாய்க்கால் தண்ணீரை மேட்டு நிலத்திற்கு ஏற்ற வேண்டிய இடங்களிலும் சிறு விவசாயிகளுக்கு இன்றும் ஆயில் என்ஜின்தான் கைகொடுக்கிறது. அவற்றில் பல, தகப்பனார் காலத்தில் வாங்கியவை. டீசல் ஊற்ற யாரும் மறப்பதில்லை; டீசல் தீர்ந்தால் என்ஜின் தானே நின்றுவிடும். அடியில் கிடக்கும் மசகு எண்ணெய் குறைந்தால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. தெரியும்போது பேரிங் தேய்ந்து கிராங்க் ஷாஃப்ட் இறுகியிருக்கும். நெல் பூக்கும் சமயத்தில் இப்படி நேர்ந்தால், கடைசல் பட்டறையிலிருந்து என்ஜின் திரும்பி வரும்வரை பயிர் காத்திருக்காது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் தமது 5 குதிரைத்திறன் என்ஜினைப் பெருமையுடன் காட்டினார். “ஐயா, இது இருபது வருஷத்து என்ஜின். ஆயிலே குடிக்காது. போன பட்டத்தில் ஊற்றியது, இன்னும் மேல்கோட்டிலேயே நிற்கிறது” என்றார். டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லை. மோந்தால் டீசல் நெடி. தேய்ந்துபோன டீசல் பம்பு எலிமெண்டின் வழியே டீசல் கசிந்து அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் குடித்த எண்ணெய்க்குப் பதிலாக டீசல் வந்து மட்டத்தை நிரப்பியது. ஆகவே குச்சியில் மட்டம் சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த மட்டத்தில் நிற்பது எண்ணெய்தானா, எவ்வளவு ஊற்றியதால் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

முதலில் சரியாகப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். காலையில் என்ஜினை ஓட்டுவதற்கு முன் பார்ப்பதே நல்லது. இரவு முழுவதும் எண்ணெய் வடிந்து அடியில் சேர்ந்திருக்கும். ஓடி நின்ற என்ஜினாயின் பத்துப் பதினைந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றி வயலுக்கு வயல் கொண்டுபோகும் என்ஜின்கள் பெரும்பாலும் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கின்றன. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து, சக்கரத்திற்கு அடியில் கல் கொடுத்துச் சமப்படுத்திய பிறகே குச்சியை உருவ வேண்டும். அதற்கு முன் குச்சியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் மணல் பேரிங்கை அரைத்துவிடும். குச்சியைச் சுத்தமான துணியால் துடைத்து, முழுதும் செருகி, மீண்டும் உருவி இரு பக்கமும் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் குறைவாகக் காட்டும் பக்கமே கணக்கு. குச்சியில் மரை உள்ள என்ஜின்களில் சிலவற்றைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றைத் திருகிப் பார்க்க வேண்டும். கைப்புத்தகம் சொல்வதே சரி.

பழைய மெதுவேக என்ஜின்கள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள கரண்டி போன்ற சிறு முனை எண்ணெயில் தோய்ந்து மேலே அள்ளித் தெளிக்கிறது. மட்டம் இறங்கிவிட்டால் அந்தக் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. இத்தகைய என்ஜினுக்கு அளவுக்குச்சி ஒன்றே எச்சரிக்கை.

இனி, என்ஜின் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று அளக்கும் வழி. மில்லி கோடு போட்ட ஒரு பாட்டிலும் ஒரு நோட்டும் போதும். மேல்கோடு வரை நிரப்பி, ஓடிய மணிகளைக் குறித்து வாருங்கள். அவ்வப்போது ஊற்றும் எண்ணெயை அளந்து எழுதுங்கள். 60 மணி ஓடிய பின், மேல்கோட்டைத் தொட மொத்தம் 300 மில்லி ஊற்றியிருந்தால் மணிக்கு 5 மில்லி. அதே என்ஜின், அதே சுமையில், அடுத்த பட்டத்தில் மணிக்கு 10 மில்லி கேட்டால் ஏதோ பழுது இருக்கிறது. நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கலாம். புகை இல்லாமல் குறைந்தால் அடியில் ஒரு காகிதத்தை விரித்துக் கசிவைத் தேடுங்கள். பக்கத்து வீட்டு என்ஜினோடு ஒப்பிட வேண்டியதில்லை. உங்கள் என்ஜினின் பழைய கணக்கே உங்களுக்கு அளவு.

ஊற்றாமலே மட்டம் ஏறினால் என்ஜினை ஓட்டக் கூடாது. உள்ளே வந்திருப்பது டீசலாகவோ தண்ணீராகவோ இருக்கும். டீசல் பம்பு எலிமெண்ட் தேய்ந்தாலும், இன்ஜெக்டர் நாசில் ஒழுகினாலும் டீசல் இறங்கும். கிணற்றின் குளிர்ந்த நீரை அளவுக்கு மீறி விட்டு என்ஜினைச் சூடேறாமல் ஓட்டுவதும் ஒரு காரணம்; எரியாத டீசல் லைனர் வழியே வடிகிறது. வெளியேறும் நீர் நல்ல சூடாக வருமாறு குழாயைத் திருகி வைக்க வேண்டும். தண்ணீர் கலந்தால் எண்ணெய் மோர்போல் வெளுக்கும். காலையில் ஓட்டுமுன் அடி வடிகால் திருகை மெல்லத் தளர்த்தினால், கனமான தண்ணீர் முதலில் சொட்டும். லைனர் ரப்பர் வளையம், ஹெட் கேஸ்கட், வெடிப்பு ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்திருப்பதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். டீசல் என்ஜினில் அது இயல்பு.

‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்று மேல்கோட்டுக்கு மேல் ஊற்றுகிறவர்களும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரைக்கச் செய்யும், சீல்கள் ஒழுகும். மிகையான எண்ணெய் எரியறைக்குள் புகுந்துவிட்டால் டீசலை நிறுத்தினாலும் என்ஜின் கட்டுமீறி ஓடக்கூடும். அப்போது காற்று புகும் வாயைக் கனமான பலகையால் மூட வேண்டும். கையை வைக்கவே கூடாது.

பழைய என்ஜின்களில் அசல் குச்சி தொலைந்து, கம்பியோ வேறு என்ஜினின் குச்சியோ செருகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதன் கோடுகளை நம்ப முடியாது. அதே மாதிரிக்குரிய குச்சி கிடைக்காவிட்டால், எண்ணெய் மாற்றும்போது பழையதை முழுதும் வடித்து, கைப்புத்தகத்தில் கண்ட அளவை அளந்து ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, கால் மணி பொறுத்துப் பார்த்து, எண்ணெய் தொடும் இடத்தில் அரத்தால் கோடு போடுங்கள். அதுவே மேல்கோடு. கீழ்க்கோட்டை ஊகித்துப் போடாமல், அதே மாதிரி என்ஜினின் அசல் குச்சியைப் பக்கத்தில் வைத்து இடைவெளியை அளந்து போட வேண்டும்.

எண்ணெய்த் தொட்டி உள்ள ஏர் கிளீனரிலும் ஒரு மட்டக்கோடு உண்டு. அதையும் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்; புழுதிக் காலத்தில் வாரம் ஒருமுறை. அங்கே கோட்டுக்குக் கீழே இருந்தால் தூசி உள்ளே போகும். மேலே இருந்தால் எண்ணெயையே என்ஜின் உறிஞ்சும்.