மஞ்சட் கட்டியும் குருதிக் கொழுப்பும்

குதிகாலுக்கு மேலே, தசைநாணின்மீது, வலியற்ற தடிப்பு ஒன்று எழுகிறது. செருப்பு உராய்ந்ததால் வந்தது என்று எண்ணி விட்டுவிடுவோர் உளர். விரல் முட்டிகளிலும் இத்தகைய தடிப்பு உண்டாகலாம். மருத்துவர் இதனைச் 'சாந்தோமா' என்பர். 'சாந்தோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மஞ்சள் என்பது பொருள். தமிழில் மஞ்சட் கட்டி எனலாம். ஆயினும், நாணில் ஆழப் பதிந்த கட்டியின்மேல் தோல் பெரும்பாலும் இயல்பான நிறத்துடனேயே இருக்கும். பெயரை நம்பி மஞ்சளைத் தேடுவோர் ஏமாறுவர்.

இது தோலில் தோன்றினும், இதன் வேர் பெரும்பாலும் குருதியில் உள்ளது. கொழுப்பு நீரில் கரையாது. ஆதலால் புரதத்தோடு சேர்ந்து நுண்துகள்களாகக் குருதியில் செல்கிறது. துகள்கள் மிகுமாயின் குழாய்ச் சுவரைக் கடந்து கசிகின்றன. அங்குள்ள விழுங்கணுக்கள் அவற்றை உண்டு, நுரை நிறைந்தாற்போல் உப்பிவிடுகின்றன. அவற்றின் திரளே மஞ்சட் கட்டி. இதே நுரையணுக்கள் இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரிலும் திரள்வதே கவலைக்குரியது.

கட்டி அமையும் இடம் கொழுப்பின் வகையையும் ஓரளவு உணர்த்தும். டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிக உயர்ந்தால் பிட்டம், தோள், முழங்கை ஆகிய இடங்களில் மஞ்சள் நிறப் பருக்கள் திடுமென எழும். கட்டுக்கடங்காத நீரிழிவில் இதனைக் காணலாம். கணையம் அழலும் இடரும் அப்போது உண்டு. கண்ணிமையில் படரும் மஞ்சட் படலமோ அத்துணை உறுதியான சான்று அன்று. அஃதுடையோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குருதிக் கொழுப்பு இயல்பான அளவிலேயே இருக்கும். சோதித்தறிவது நன்று, அஞ்சிச் சோர வேண்டா.

நாணில் எழும் கட்டியின் செய்தி வேறு. மிகு கொலஸ்டிரால், மஞ்சட் கட்டி, நெஞ்சுவலி ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் வழிவழி வருதலை 1938இல் நார்வே மருத்துவர் கார்ல் மியுல்லர் எடுத்துக்காட்டினார். காரணம் 1970களில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் விளங்கியது. கோல்ட்ஸ்டீன், பிரவுன் என்னும் இருவர் நோயாளியரின் தோலணுக்களையே ஆய்வுக் கலத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். இயல்பான அணுவின் மேற்பரப்பில் கொலஸ்டிரால் துகளைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் உள. கடும் நோயுற்றோரின் அணுக்களில் அவை இல்லை; இருந்தும் பயன்படாதன சில. வாங்குவாரற்ற துகள் குருதியிலேயே தேங்குகிறது. இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்குறை பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது மிக அரிது. வந்தால் குழந்தைப் பருவத்திலேயே கட்டிகள் தோன்றும். மருத்துவமின்றேல் இருபது அகவைக்குள் மாரடைப்பும் நேரலாம். ஒருவரிடமிருந்து மட்டும் வருவது ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அத்தகையோர்க்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது; ஸ்டாட்டின் முதலிய மருந்துகள் வேண்டும். கொலஸ்டிரால் குறையக் குறையக் கட்டியும் ஆண்டுக் கணக்கில் மெல்லச் சுருங்கும். அவர்தம் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அக்குறை வருதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆதலால் தந்தையின் குதிகாலில் தடிப்பைக் கண்ட மருத்துவர், பிள்ளைகளின் குருதியையும் சோதிக்கச் சொல்வார். அவர்கள் காலில் அப்போது பெரும்பாலும் ஒன்றும் தென்படாது.