மின்காரில் ஒரு பகற்பயணம்

செங்கற்பட்டருகே மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட பி.இ. 6 மின்கார் 2024 நவம்பரில் வெளிவந்தது முதல், இவ்வகை வண்டிகளைப் பற்றி நம்மிடம் வினவுவோர் பலர். அண்மையில் அன்பர் ஒருவரின் மின்காரில் திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் சென்றோம்.

வீட்டில் மின்னேற்றத்தில் இருந்தபோதே கைப்பேசியால் உள்ளே குளிர்வித்துவிட்டார். வெயிலில் கொதித்த காரைத் தணிக்கவே தொடக்கத்தில் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். அது பாட்டரியில் மிஞ்சியது. கடலோர ஈரக்காற்றில் கண்ணாடியின் வெளிப்புறம் பனித்தது. துடைப்பானை ஓட்டி, குளிரைச் சற்றுக் குறைத்ததும் தெளிந்தது.

வண்டி நின்றபோதும் குளிர்ச்சி நிற்கவில்லை, புகையுமில்லை, ஓசையுமில்லை. நமக்கு அச்சம் அங்கேதான். குளிர்ச்சி நின்றுபோனாலும் ஓசையின்றியே நிற்கும். பூட்டிய காருக்குள் வெப்பம் சில நிமிடங்களில் ஏறிவிடும். பின்னிருக்கையில் உறங்கிய பேத்தியை அன்பர் தோளில் சாய்த்துக்கொண்டே கடற்கரைக் கோவிலுக்கு நடந்தார்.